மலையேற எந்த மாதம் நல்ல மாதம்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து இமயமலைக்கு நடக்கக் கிளம்புகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு கூட்டம் நேபாளத்தின் முக்திநாத், உத்தராகண்டின் கேதார்நாத் என்று யாத்திரையாகப் போகிறது. இன்னொரு கூட்டம் எவரெஸ்ட் அடிவாரம், லடாக் என்று கிளம்புகிறது. இரண்டு கூட்டமும் முதலில் கேட்பது வானிலையைத்தான். நம் ஊர் மழைக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தேதி குறிப்பதால் வரும் குழப்பமே இந்தக் கேள்விகளில் பாதி.

ஐப்பசியில் அடைமழை பெய்யுமே, அப்போதா மலைக்குப் போகச் சொல்கிறீர்கள்?

அப்போதுதான். ஐப்பசி அடைமழை நமக்கு. நம் ஊருணிகளையும் கண்மாய்களையும் நிரப்புவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. இமயமலையின் பெரும்பகுதிக்கு மழை கொடுப்பது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும் அந்தக் காற்று ஜூன் நடுவில் நேபாளத்தையும், மாதக் கடைசியில் உத்தராகண்டையும் இமாசலத்தையும் எட்டும். நேபாளத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ 80 சதவீதம் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அக்டோபர் தொடக்கத்தில் பருவக்காற்று விலகும்போது நான்கு மாத மழை காற்றிலிருந்த தூசியையெல்லாம் கழுவி வைத்திருக்கும். நாம் குடையைத் தேடும் நாள்களில் அங்கே சிகரங்கள் பளிச்சென்று தெரியும்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நேபாளத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதல்தரமான காலம். கூட்டமும் அப்போதுதான். நேபாளத்தில் தசைன், திகார் பண்டிகைகள் பெரும்பாலும் இந்த வாரங்களையொட்டியே வரும். பஸ்ஸிலும் விமானத்திலும் இடம் கிடைப்பது அரிது. கூட்டம் வேண்டாம் என்றால் நவம்பர் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். குளிர் கூடுதலாக இருக்கும், வானம் அதே தெளிவோடு இருக்கும்.

அப்படியானால் அக்டோபருக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுத்துவிடலாமா?

கண்ணைத் திறந்துகொண்டே எடுங்கள். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. நம் ஊரில் அதைச் செய்தியில் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அதன் மிச்ச ஈரம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், உள்ளூர் மேய்ப்பர்கள் என எல்லோரும் அதில் உண்டு. பனி கொட்டத் தொடங்கிய பிறகும் கணவாயைக் கடந்துவிடலாம் என்று நடந்தவர்களும் உண்டு.

ஆகவே அக்டோபர், நவம்பரில் அங்கே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது நமக்கு மிகவும் பழகிய ஒன்றைத்தான்: வங்கக் கடலில் புயல் சின்னம். அது நாகப்பட்டினம் பக்கம் வந்தால் நமக்குக் கவலை. ஆந்திரா, ஒடிசா பக்கம் கரையேறி வடக்கே திரும்பினால் மலையில் இருப்பவருக்குக் கவலை. அப்படி ஒரு செய்தி வந்தால் உயரமான கணவாய்க்கு முந்தைய ஊரிலேயே தங்கிவிட வேண்டும். கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளாத பயணத் திட்டம் மலைக்கு ஆகாது.

பருவமழை சொன்ன தேதியில் விலகும் என்றும் இல்லை. 2024 செப்டம்பர் கடைசியில், மழைக்காலம் முடிகிற நேரத்தில், காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பேய்மழை பெய்தது. நாடு முழுவதும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அக்கினி நட்சத்திரத்தில் இங்கே வெந்துபோவதற்கு அங்கே போகலாமே?

போகலாம், இடம் பார்த்துப் போக வேண்டும். மார்ச், ஏப்ரலில் நேபாளத்திலும் சிக்கிமிலும் மலைச்சரிவெங்கும் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். மேயில் பூ குறைந்து, பகல் வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் கோடையில் காட்டுத்தீப் புகையும் சமவெளித் தூசியும் சேர்ந்து அடிவாரப் பள்ளத்தாக்குகளை மங்கலாக்கும். படத்தில் பார்த்த நீலவானத்தைக் கீழே நின்று தேடாதீர்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஏறிய பிறகு அநேகமாகத் தெளியும். பிற்பகலில் இடிமின்னலும் உண்டு.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மேற்கு வங்க, நேபாள எல்லையில் இருக்கும் சந்தக்பூ (3,636 மீட்டர்), உத்தராகண்டின் ஹர் கி தூன் ஆகியவை மே மாதத்துக்குப் பொருந்தும். இமாசலத்தின் உயரமான கணவாய்களில் மேயில் இன்னும் பனி கிடக்கும். ஹம்ப்டா கணவாய்க்கு (4,270 மீட்டர்) வழக்கமாக ஜூன் நடுவுக்குப் பிறகுதான் ஆள்களை அழைத்துப் போவார்கள்.

எவரெஸ்ட் உச்சியில் ஏறுகிறவர்கள் ஏன் மே நடுவில் குவிகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. குளிர்காலம் முழுவதும் அந்த உச்சியின் மேல் ஜெட் காற்றோட்டம், அதாவது மிக உயரத்தில் ஓடும் அதிவேகக் காற்று, சீறிக்கொண்டிருக்கும். பருவமழை வருவதற்குச் சற்று முன்பு அது வடக்கே ஒதுங்கும்போது சில நாள்கள் காற்று தணியும். அந்த இடைவெளிக்குத்தான் அத்தனை கூட்டம். அடிவாரம்வரை நடக்கும் நமக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

இன்னொன்று. மலையை நினைத்துக்கொண்டு சமவெளியை மறந்துவிடுகிறார்கள். மே மாத டெல்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ரயில் மாறும் அந்த ஒரு நாளில் நீர்ச்சத்து குறைந்து படுத்துவிட்டால் மலைவரை போய்ச் சேர மாட்டீர்கள்.

ஜூனில் கேதார்நாத்?

ஜூன் முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். வழக்கமாக நாடு முழுவதும் பரவ ஜூலை ஆகிற பருவமழை, 2013-இல் ஜூன் 16 அன்றே பரவிவிட்டது. மேற்கிலிருந்து வந்த காற்றுக் குழப்பம் ஒன்றும் அதனோடு சேர்ந்துகொண்டது. கொட்டிய மழையில், கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து, 3,583 மீட்டரில் இருக்கும் கேதார்நாத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மழை மலையில் பெய்தால் சாலையில் மண் சரியும். நடைபாதை நன்றாகவே இருந்தாலும் ரிஷிகேஷ் திரும்பும் வழி அடைபட்டு நாள்கணக்கில் வண்டிக்குள் உட்கார நேரும்.

ஆடி, ஆவணியில்தான் எனக்கு லீவு கிடைக்கும். போக்கிடமே கிடையாதா?

உண்டு, அருமையான இடங்கள் உண்டு. ஆடியில் நம் ஊரில் அம்மியும் பறக்கிற காற்று அடிக்கும், மழை மட்டும் வராது. மாலையில் எப்போதாவது இடிமழை வந்தால் உண்டு. அதே நாள்களில் குற்றாலத்தில் சாரல். காற்று கொண்டுவரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குச் சரிவிலேயே பிழிந்துகொள்கிறது. நாம் மழைமறைவில் நிற்கிறோம். இமயமலையின் தெற்குச் சரிவுக்கும் வடக்குப் பக்கத்துக்கும் இதே உறவுதான், அளவு மட்டும் பெரியது. லடாக், இமாசலத்தின் ஸ்பிதி, நேபாளத்தின் மேல் முஸ்தாங், டோல்போ எல்லாம் மழைமறைவுப் பகுதிகள். லே நகரில் ஓர் ஆண்டுக்குப் பெய்வதே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஐப்பசியில் ஒரு நல்ல மழைநாள் அதை ஒரே இரவில் கொடுத்துவிடும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுவரை இந்த இடங்களுக்குத்தான் பருவம்.

மறைவு என்றால் முழு மறைவு என்று எண்ண வேண்டாம். 2010 ஆகஸ்ட் 5 இரவு லேயில் மேகவெடிப்பு, அதாவது ஒரே இடத்தில் திடீரெனக் கொட்டும் பேய்மழை, ஏற்பட்டு, வறண்ட சரிவுகளிலிருந்து சேறும் கல்லும் ஊருக்குள் இறங்கின. மரமில்லாத மலை தண்ணீரைப் பிடித்துவைக்காது. அங்கே கூடாரத்தை ஓடைப் படுகையில் அடிக்கவே கூடாது, படுகை எவ்வளவு காய்ந்து கிடந்தாலும்.

மழையில் நனையத் துணிந்தவர்களுக்கு உத்தராகண்டின் பூப்பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர்வரை திறந்திருக்கும், பூக்கள் உச்சத்தில் இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. நேபாளத்தின் தெற்குச் சரிவுகளில் அப்போது நடந்தால் அட்டைகள் வரவேற்கும். உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

மார்கழி, தையில் பனியைப் பார்க்க வேண்டும்.

மேற்கு இமயமலைக்குப் போங்கள். டிசம்பரிலிருந்து மார்ச்வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் மேற்கத்தியக் காற்றுக் குழப்பங்கள் காஷ்மீர், இமாசலம், உத்தராகண்டில் பனியைக் கொட்டும். உத்தராகண்டின் கேதார்காந்தா (சுமார் 3,800 மீட்டர்) முதன்முறை பனியில் நடப்பவர்களுக்கு ஏற்றது. லடாக்கில் உறைந்த ஜான்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் நடை ஜனவரி, பிப்ரவரியில் மட்டும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் அப்பால் போகும் இடம் அது. நம் ஊர்க்காரர் எவருக்கும் முதல் நடையாக அதை நான் சொல்ல மாட்டேன்.

அந்த மாதங்களில் வட இந்தியச் சமவெளியைப் பனிமூட்டம் மூடும். ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அடுத்த வண்டியைப் பிடிக்க இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத் திட்டமிடுகிறவர்கள் டெல்லி பிளாட்பாரத்திலேயே மலையேற்றத்தை முடித்துக்கொள்வார்கள்.

உண்மையில் எவ்வளவு குளிரும்? எப்படிக் கணக்குப் போடுவது?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். காத்மாண்டு 1,400 மீட்டர். அக்டோபர் பகலில் 26 டிகிரி என்று வையுங்கள். அதற்கு 2,000 மீட்டர் மேலே இருக்கும் நாம்சே பஜாரில் 13 டிகிரி. 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏறக்குறைய பூஜ்யம். இது பகல் நேரத்துக் கணக்கு. மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். தெளிவான பருவத்தின் இரவுகள்தான் அதிகம் குளிரும். அடிவார முகாமில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியைக்கூட எதிர்பார்க்கலாம். தலைமாட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் விடியும்போது கல்லாக இருக்கும். உறங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுப்பதே வழக்கம்.

காற்றைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் ஏழாகத் தெரியும்.

ஏன் விடியுமுன்னே எழுப்பி நடக்கச் சொல்கிறார்கள்?

மலையில் மாதம் பார்ப்பதைவிட மணி பார்ப்பது முக்கியம், அதனால்தான். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் காற்று மேலே ஏறும். ஏறும் காற்று குளிர்ந்து மேகமாகும். காலை ஏழு மணிக்குத் துடைத்துவைத்த வானம் பதினொன்றுக்குப் பஞ்சு பூக்கும், இரண்டு மணிக்குச் சிகரத்தை மூடிவிடும். இடியும் பனிப்பொழிவும் பெரும்பாலும் பிற்பகல் விவகாரம். கணவாயை முற்பகலுக்குள் கடந்துவிட வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்ததுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் முக்திநாத் வழியில் ஜோம்சோமில் ஒரு நாள் நில்லுங்கள். காலை ஆறு மணிக்கு வீட்டுக் கூரைகளில் மந்திரக் கொடிகள் துவண்டு தொங்கும். விமானங்கள் அவசர அவசரமாக வந்து போகும். பத்து, பதினொரு மணிக்குக் கொடி அசையத் தொடங்கும். நண்பகலில் அத்தனை கொடிகளும் வடக்கு நோக்கி விறைத்து நிற்கும், ஆற்றுப்படுகை மணல் முகத்தில் குத்தும், கடைக்காரர் கதவுக்குக் கல் முட்டுக்கொடுப்பார். அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்த அந்தப் பள்ளத்தாக்கு வழியாக, சூடேறிய திபெத்திய மேட்டுநிலம் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றுக்குப் பயந்துதான் பொக்காரா, ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே முடிந்துவிடுகின்றன.

எங்கள் அப்பத்தாவுக்கு 70 வயது. முக்திநாத் அழைத்துப் போகலாமா?

108 திவ்விய தேசங்களில் ஒன்றைச் சேவிக்க வேண்டும் என்ற ஆசையை வானிலை சொல்லித் தடுக்க முடியாது. மருத்துவர் சம்மதித்தால் மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை, அல்லது அக்டோபரில் அழைத்துப் போங்கள். ஜீப் கோயிலருகேவரை போகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பொக்காரா ஆயிரம் மீட்டருக்கும் கீழே, முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே. ஒரே நாளில் கொண்டுபோய் இறக்கினால் இளைஞருக்கே தலை சுற்றும். ஜோம்சோமிலோ மார்பாவிலோ ஓர் இரவாவது தங்கி, மறுநாள் காலை தரிசித்துவிட்டு, அன்றே கீழே இறங்கிவிடுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் 108 தாரைகளின் நீர் எலும்பைத் தொடும் குளிர்ச்சி. ஆச்சிமார் பலர் அதில் நனைந்தே தீருவேன் என்பார்கள். தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்று யாராவது பெரியவர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கேட்பார்கள். மாற்றுத் துணியும் கம்பளியும் கையிலேயே இருக்கட்டும், ஜீப்பில் வேண்டாம்.

தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் பழனிக்கு நடக்கிறேன். அந்தப் பழக்கம் போதாதா?

காலுக்குப் போதும். உங்கள் காலை அங்கே பலரும் பொறாமையோடு பார்ப்பார்கள். நுரையீரலுக்குப் பாதயாத்திரை ஒன்றும் கற்றுக்கொடுக்காது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அழுத்தம் குறைவதால் 5,000 மீட்டரில் தண்ணீர் 83, 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. விடுதிச் சமையலறைகளில் நாள்முழுவதும் விசில் சத்தம் கேட்பது அதனால்தான்.

2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் உயர நோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் இறங்க வேண்டும். நன்றாக நடப்பவர்கள் வேகமாக ஏறிவிடுவதால், பலவீனமானவர்களைவிட அவர்களே முதலில் விழுவதுண்டு. உயர நோய்க்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் மிச்சம் வைத்ததை வாங்காதீர்கள்.

என்ன துணி எடுத்துக்கொள்வது?

பருத்தி வேண்டாம். கண்டாங்கி நெய்கிற ஊரில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சியது கிடையாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே வைத்திருப்பதுதான் அதன் குணம். அந்தக் குணமே குளிரில் எமன். உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, அதன்மேல் சூடு காக்கும் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. கனத்த இறகுச் சட்டையும் உறங்கும் பையும் காத்மாண்டுவின் தமேல் கடைகளிலும் மணாலியிலும் வாடகைக்கே கிடைக்கின்றன. காலணியை மட்டும் இங்கேயே வாங்கி, நடந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

வெயிலுக்கும் ஆயத்தம் வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு பகல் நடந்தால் இரவில் கண்ணைத் திறக்க முடியாது. நாம் வெயில் பார்க்காத ஆளா என்ற வீரம் அங்கே செல்லாது.

கைப்பேசியில் காட்டும் வானிலையை நம்பலாமா?

எந்த உயரத்துக்கான கணிப்பு என்று பாருங்கள். பள்ளத்தாக்கு ஊரின் பெயரைப் போட்டால் அந்த ஊரின் வெப்பநிலைதான் வரும்; நீங்கள் நிற்கப்போவது அதற்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் மேலே. மூன்று நாளுக்கு உள்ளான கணிப்பை மதியுங்கள், பத்தாம் நாள் கணிப்பைப் பொழுதுபோக்குக்குப் படியுங்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளையும் நேபாளத்தின் நீரியல், வானிலைத் துறை சொல்வதையும் பாருங்கள். அவற்றுக்கும் மேலாக, விடுதிக்காரர் காலையில் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதைக் கேளுங்கள்.

இமயமலை தவிர வேறு மலைகளுக்கு?

ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவுக்கு (5,895 மீட்டர்) ஜனவரி, பிப்ரவரியும் ஜூனிலிருந்து அக்டோபர்வரையும். ஜப்பானின் ஃபூஜிக்கு ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம்வரை. பெருவின் இன்கா பாதைக்கு மே முதல் செப்டம்பர்வரை. பிப்ரவரியில் அதை மூடிவிடுவார்கள். மலேசியாவில் உறவு இல்லாத செட்டிநாட்டு வீடு குறைவு, கினபாலு (4,095 மீட்டர்) பற்றியும் அதனால் கேட்கிறார்கள். அங்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை மழை சற்றுக் குறைவு.

காலநிலை மாறிவிட்டது என்கிறார்களே, இந்த மாதக் கணக்கெல்லாம் இன்னும் செல்லுமா?

பொதுவாகச் செல்லும், ஓரங்கள் கிழிந்துகொண்டிருக்கின்றன. உலக வெப்பம் 1.5 டிகிரியோடு நின்றாலும் இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டின் கடைசிக்குள் போய்விடும் என்று காத்மாண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2019-இல் மதிப்பிட்டது. உருகிய நீர் ஏரியாகத் தேங்கி உடைகிறது. 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. அதுவும் நல்ல பருவம் என்று நாம் சொல்லும் அக்டோபரில். பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் பாதையும் பாலமும் இருக்கின்றனவா என்று அந்த ஆண்டில் போய்வந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

போவதற்கு முன் பக்கத்தில் எங்கே பழகலாம்?

குன்றக்குடிப் படிகளில் மூச்சைப் பழக்கலாம், பிரான்மலையில் காலைப் பழக்கலாம். குளிரையும் சாரலையும் பழக மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. முன்பதிவும் வழிகாட்டியும் உண்டு. பிப்ரவரி நடுவுக்குப் பிறகு காட்டுத்தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள், அதில் கெஞ்சிப் பயனில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், சரிவில் மேலேறும் பிற்பகல் காற்று, இரண்டும் சேர்ந்தால் மனிதர் ஓடும் வேகத்தைத் தீ தாண்டிவிடும். டிசம்பர், ஜனவரிக்குள் பழகிக்கொள்ளுங்கள்.